ஆல்வின் எங்கே?

நவம்பர் 19
வாசிக்க: 1 கொரிந்தியர் 15:20-44, 1 பேதுரு 3:18-20

1823ஆம் ஆண்டு இதே தேதியில், நியூயார்க் மாநிலத்தில் பால்மைரா என்ற ஊரை அடுத்த ஒரு பண்ணை வீட்டில் ஆல்வின் ஸ்மித் என்ற இளைஞர் இறந்துபோனார். வயது 25. நான்கு நாள் முன்புதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். வழக்கமாக வரும் வைத்தியர் கிடைக்கவில்லை. வந்தவர் கேலமெல் என்ற பாதரச மருந்தைக் கூடுதலாகவே கொடுத்தார். ஆல்வின் முதலில் வேண்டாம் என்றார். வற்புறுத்திய பிறகு விழுங்கினார். அது வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்தடுத்து வந்த மருத்துவர்களாலும் அதை இறக்க முடியவில்லை.

வீட்டுக்கு மூத்த பிள்ளை அவர். கடன்பட்டு நிலம் வாங்கிய குடும்பத்துக்குத் தோள்கொடுத்தவர். அப்பா அம்மாவின் முதுமைக்கென்று ஒரு நல்ல மரவீடு கட்டத் தொடங்கியிருந்தார், வீடு முடியவில்லை. சாகும் நேரத்தில் தம்பி ஹைரமைக் கூப்பிட்டு, வீட்டை முடித்துக்கொடு, இவர்களைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொண்டார். தாய் லூசி பல வருடம் கழித்து எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதெல்லாம் இருக்கிறது. இரண்டு வயதுக் கடைக்குட்டி அண்ணனின் உடலைக் கட்டிக்கொண்டதையும் அந்தத் தாய் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

ஆல்வின் எந்தச் சபையிலும் சேர்ந்தவர் அல்ல. அடக்க ஆராதனை நடத்த வந்த போதகர், அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்று பொருள்படப் பிரசங்கித்தாராம். இன்னொரு தம்பி வில்லியம் தம் முதுமையில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். மூத்த மகனின் பெட்டிக்கு முன்னால் நின்று அதைக் கேட்ட தகப்பனுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் போதகரின் சபையோடு அவர் மனம் ஒட்டவே இல்லை.

துக்கம் அதோடு விடவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில், ஆல்வினின் உடலை யாரோ தோண்டியெடுத்து அறுத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு பரவியது. தகப்பன் சில அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். பத்து மாதம் முன்பு புதைத்த பிள்ளையின் குழியைத் தம் கையாலேயே திறந்து பார்த்தார். உடல் வைத்தது வைத்தபடி இருந்தது. அதை உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பாகவும் போட்டார். இப்படிப்பட்ட வீட்டில், அண்ணன் சாகும்போது 17 வயதாயிருந்த தம்பிதான் ஜோசப் ஸ்மித். 1830 ஏப்ரல் 6 அன்று அவர் தொடங்கிய சபையைத்தான் உலகம் மார்மன் சபை என்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரையே அவர்கள் விரும்புகிறார்கள்.

மார்மன் நண்பர்களிடம் கேட்டால், எங்கள் போதனை தேவன் வெளிப்படுத்தியது, ஒரு குடும்பத்தின் துக்கத்திலிருந்து பிறந்ததல்ல என்பார்கள். அது அவர்களுடைய விசுவாசம், அதை மதிக்கிறேன். ஆனாலும் இரட்சிப்பைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் அவர்கள் சொல்வதை எப்போது வாசித்தாலும், அந்த அடக்க ஆராதனையில் கேட்கப்படாமல் தொண்டைக்குள் நின்றுபோன கேள்விதான் எனக்குக் கேட்கிறது: என் அண்ணன் எங்கே?

1832 பிப்ரவரி 16. ஒஹாயோ மாநிலம் ஹைரம் என்ற சிற்றூர். ஜான் ஜான்சன் என்ற விவசாயியின் வீட்டு மாடியறை. ஜோசப் ஸ்மித்தும் சிட்னி ரிக்டனும் யோவான் 5ஆம் அதிகாரத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நன்மை செய்தவர்கள் ஜீவனுக்கும் தீமை செய்தவர்கள் ஆக்கினைக்கும் எழுந்திருப்பதைச் சொல்லும் 29ஆம் வசனத்துக்கு வந்தபோது தரிசனம் கிடைத்தது என்கிறார்கள். உலகத்தை இரண்டாகப் பிரித்துவிடும் அந்த வசனத்தில், அவர்கள் கண்டதோ மூன்று ராஜ்யங்கள். சூரியனைப் போன்ற மகிமை உடையது சிலஸ்டியல். சந்திரனைப் போன்றது டெரஸ்ட்ரியல். நட்சத்திரங்களைப் போன்றது டெலஸ்டியல். உயிர்த்தெழும் சரீரங்களின் மகிமையைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது காட்டிய உவமைதான் இங்கே மூன்று தேசங்களாக விரிந்தது. கிறிஸ்துவை ஏற்று உடன்படிக்கைகளைக் காத்தவர்களுக்கு முதலாவது. நல்லவர்களாக வாழ்ந்தும் மனிதரின் தந்திரத்தால் கண் மறைக்கப்பட்டவர்களுக்கு இரண்டாவது. பொய்யரும் விபசாரக்காரரும்கூடத் தண்டனைக் காலம் முடிந்தபின் மூன்றாவதில் சேருவார்கள். அதுவே மனித அறிவுக்கு எட்டாத மகிமை உள்ளதாம். புறம்பான இருளுக்குப் போகிறவர்கள், வெளிச்சத்தை முழுமையாக அறிந்தும் அதற்கு விரோதமாகத் திரும்பிய மிகச் சிலர்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இது சின்னச் செய்தி அல்ல. பிரசங்க மேடைகளில் நரக அக்கினி எரிந்துகொண்டிருந்த காலம். பிற்பாடு அந்தச் சபையின் இரண்டாம் தலைவரான பிரிகாம் யங்குக்கே இதை ஜீரணிப்பது கஷ்டமாக இருந்தது. தாம் வளர்ந்த போதனைக்கு நேர் எதிராக இருந்ததால், யோசித்து யோசித்து ஜெபித்துத்தான் ஏற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஜோசப்பின் வீட்டுக்கோ இது முற்றிலும் புதிதல்ல. தாத்தா ஏசல் ஸ்மித் வெர்மான்ட்டில், கடைசியில் எல்லாரையும் தேவன் இரட்சிப்பார் என்று நம்பிய யூனிவர்சலிஸ்ட் குழுவோடு 1797இலேயே சேர்ந்தவர்.

நான்கு வருடம் கழித்து, 1836 ஜனவரி 21 அன்று, கர்ட்லாண்ட் ஆலயத்தில் ஜோசப்புக்கு இன்னொரு தரிசனம். சூரிய மகிமையுள்ள ராஜ்யத்தைக் கண்டார். அங்கே ஆல்வின் இருந்தார். ஞானஸ்நானம் பெறாத அண்ணன் எப்படி இங்கே என்று ஜோசப் ஆச்சரியப்பட்டாராம். சுவிசேஷத்தைக் கேட்கும் வாய்ப்பில்லாமல் இறந்தவர்கள், கேட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றால், அவர்களும் அந்த ராஜ்யத்துக்கு வாரிசுகளே என்ற பதில் வந்தது. குழியைத் தோண்டிப் பார்த்த அந்தத் தகப்பனும் அன்று அதே அறையில் இருந்தார். இந்த வரலாற்றில் எனக்கு நெஞ்சு அடைத்த இடம் இதுதான்.

அப்படியானால் ஞானஸ்நானம்? அதை விட்டுவிட ஜோசப்புக்கு மனமில்லை. யோவான் 3இல் ஆண்டவர் நிக்கொதேமுவிடம் தண்ணீரினாலும் ஆவியினாலும் பிறப்பதைப் பற்றிப் பேசியிருக்கிறாரே. 1840 ஆகஸ்ட் 15. இல்லினாய் மாநிலம் நாவூ நகரில் சீமோர் பிரன்சன் என்பவரின் அடக்கம். பிரசங்கத்தின்போது கூட்டத்தில் ஜேன் நெய்மன் என்ற விதவையை ஜோசப் கவனித்தார். அவருடைய மகன் சைரஸ் ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவன். மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றி 1 கொரிந்தியர் 15:29இல் பவுல் ஒரு வார்த்தை சொல்கிறார். அதைச் சுட்டி, உயிரோடிருப்பவர்கள் இறந்த தங்கள் சொந்தங்களுக்காக ஞானஸ்நானம் பெறலாம் என்று ஜோசப் அறிவித்தார்.

செப்டம்பரில் அந்தத் தாய் மிசிசிப்பி ஆற்றில் இறங்கினார். ஹார்வி ஓம்ஸ்டெட் என்பவர் சைரஸின் பெயரைச் சொல்லி அவரை முழுக்கினார். கரையிலிருந்து வார்த்தைகள் காதில் விழாது என்பதால், வியன்னா ஜாக்ஸ் என்ற பெண் குதிரைமேல் ஏறி ஆற்றுக்குள்ளேயே வந்து நின்று கேட்டார். நனைந்த உடையோடு ஒரு தாய், நடுங்கும் கையோடு ஒருவர், தண்ணீரில் மார்பளவு நிற்கும் குதிரைமேல் ஒரு சாட்சி என்றுதான் அந்தக் காட்சி என் மனதில் பதிந்திருக்கிறது. ஆல்வினுக்காகவும் அந்த வருடமே முழுக்கு எடுத்தாயிற்று. எடுத்தவர், வீட்டை முடித்துக்கொடு என்று அண்ணன் யாரிடம் கேட்டாரோ அந்த ஹைரம்.

ஆற்றில் தொடங்கியது பிறகு ஆலயத்துக்குள் போனது. 1841 நவம்பரில் நாவூ ஆலயத்தின் அடித்தளத்தில், பன்னிரண்டு மர எருதுகள் தாங்கிய தொட்டியைப் பிரதிஷ்டை செய்தார்கள். சாலொமோன் வார்ப்பித்த வெண்கலக் கடல் தொட்டியின் சாயல் அது. இன்றும் அவர்களுடைய ஆலயங்களில் பன்னிரண்டு வயதை எட்டும் ஆண்டிலேயே பிள்ளைகள் வெள்ளை உடுத்தி அந்தத் தொட்டியில் இறங்குகிறார்கள். முன்பின் பார்த்திராத, எப்போதோ மண்ணான ஒருவருடைய பெயரைச் சொல்லி அவர்களை முழுக்குகிறார்கள். தலைமயிர் கொஞ்சம் மேலே மிதந்துவிட்டால்கூடத் திரும்பவும் முழுக்க வேண்டும். இறந்தவர் அதை ஆவிகளின் உலகில் ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம் என்பது போதனை. பெயர் தெரிந்தால்தானே முழுக்க முடியும்? அதற்காகத்தான் 1894இல் வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் கருங்கல் மலையைக் குடைந்து 1960களில் கட்டிய பெட்டகத்தில், ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்த பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளின் நுண்படச் சுருள்கள் 20 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. தாத்தாவின் தாத்தா பெயரைத் தேடும் யாருக்கும், எந்த மதத்தாருக்கும், அது இன்று கட்டணமில்லாமல் உதவுகிறது.

மீதிக் கிறிஸ்தவ உலகம் இந்தக் கேள்விக்கு என்ன சொல்லிவந்தது? உண்மையைச் சொன்னால், நெடுங்காலம் தடுமாறித்தான் வந்தது.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிசிய நாட்டு அரசன் ராட்போடு ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்தபின், என் முன்னோர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டானாம். நரகத்தில் என்று பதில் வந்ததும், வைத்த காலை எடுத்துக்கொண்டான் என்று ஒரு பழைய சரித்திரக் கதை சொல்கிறது. கதையாகவே இருக்கட்டும். பிரான்சிஸ் சவேரியார் எழுதியது கதையல்ல. முத்துக்குளித்துறைக் கரையில் நம் மக்களிடையே ஊழியம் செய்துவிட்டு ஜப்பானுக்குப் போனவர் அவர். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு செய்தி: ஜப்பானியக் கிறிஸ்தவர்கள், இறந்துபோன பெற்றோரையும் பிள்ளைகளையும் நரகத்திலிருந்து மீட்க வழியுண்டா, ஜெபத்தாலோ தர்மத்தாலோ முடியுமா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து எனக்கும் துக்கம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் என் தாத்தாவின் அப்பா. அவரைப் பெற்ற தாய் பெறவில்லை. எங்கள் வீட்டுப் பெரிய வேதாகமத்தின் கடைசித் தாளில் குடும்பத்தாரின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த அம்மாவின் பெயர் அதில் இல்லை. சிறுவயதில் ஏன் என்று கேட்டேன். அவங்க நமக்கு முந்தினவங்கப்பா என்றார் ஆச்சி. சவேரியாரின் கடிதத்தை வாசித்தபோது அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

சபையின் பழைய நினைவிலோ இதைவிட விசாலமான ஒன்று இருந்திருக்கிறது. கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கை செய்கிறோம். வாய் சொல்லிவிடுகிறது, மனம் நிற்பதில்லை. கீழைச் சபைகள் அதை நின்று பார்த்தன. இஸ்தான்புல் நகரின் கோரா ஆலயத்தில், பதினான்காம் நூற்றாண்டில் வரைந்த சுவரோவியம் ஒன்று உண்டு. வெள்ளை உடையில் கிறிஸ்து கால் அகட்டி நிற்கிறார். பாதாளத்தின் கதவுகள் பெயர்ந்து அவர் காலடியில் கிடக்கின்றன. சாவிகளும் பூட்டுகளும் தாழ்ப்பாள்களும் சிதறிக்கிடக்கின்றன. ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுக்கிறார். விரல்களைக் கோத்துப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கிணற்றில் விழுந்தவரைத் தூக்குகிறவர் பிடிக்கும் பிடி அது. விழுந்தவரின் கையில் வலு இருக்கிறதா என்று அந்தப் பிடி கேட்பதில்லை.

கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாக்களுக்காக ஜெபிக்கிறார்கள். இந்த மாதம் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றாத கத்தோலிக்கக் கல்லறை நம் ஊர்ப்பக்கம் இருக்காது. கிறிஸ்துவை அறியாமலே, உண்மையான மனதோடு தேவனைத் தேடியவர்களும் இரட்சிப்பு அடையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கும் நம்பிக்கை உண்டு என்று 2007இல் வெளிவந்த ஓர் ஆவணம் விளக்கியது. எங்களைப் போன்ற சீர்திருத்தச் சபையார் இறந்தவர்களைத் தேவனுடைய கையில் விட்டுவிட்டு வாய்மூடுகிறோம். 1522இல் மார்ட்டின் லூத்தர் ஒரு கடிதத்தில், இறக்கும்போதோ இறந்தபின்னோ ஒருவருக்கு விசுவாசத்தைத் தர தேவனால் முடியாதா என்ற கேள்விக்கு, முடியும், ஆனால் அப்படித் தருகிறார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்ற கருத்தில் எழுதினார். நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். மரித்தோருக்காக ஞானஸ்நானம் என்ற அந்த ஒற்றை வசனத்தில், யாரோ செய்துவந்ததைப் பவுல் எடுத்துக்காட்டுகிறாரே ஒழிய, செய்யுங்கள் என்று கட்டளையிடவில்லை. நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம், மார்சியன் என்ற மாற்றுப் போதகரின் கூட்டத்தார் செத்தவரின் கட்டிலுக்கு அடியில் ஒருவரை ஒளித்துவைத்து, அவர் வாயால் சம்மதம் சொல்லவைத்து ஞானஸ்நானம் கொடுத்ததை எடுத்துச் சொல்லிக் கண்டித்திருக்கிறார்.

ஆனால் மார்மன் போதனைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் ஆழமான பள்ளம் இதுவல்ல. கிருபை எங்கே தொடங்குகிறது என்பதில் ஒன்று. தேவன் யார் என்பதில் இன்னொன்று.

மார்மன் பேராசிரியர் ஸ்டீபன் ராபின்சன் 1992இல் வெளியிட்ட ஒரு நூலில் தம் மகளைப் பற்றிச் சொல்கிறார். சைக்கிள் வேண்டும் என்று கேட்கிறாள் சின்னவள். கிடைக்கும் காசையெல்லாம் சேர்த்துவை, ஒருநாள் வாங்கலாம் என்கிறார் அப்பா. அவளும் ஜாடியில் சேர்க்கிறாள். கடைக்குப் போனால் சைக்கிள் விலை நூறு டாலருக்கு மேல். அவளிடம் இருந்தது 61 சென்ட். குழந்தை அழுகிறது. உன்னிடம் இருப்பதையெல்லாம் கொடு, ஒரு முத்தமும் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் அப்பா. கிறிஸ்துவின் கிருபை இப்படித்தான் என்பது அவருடைய விளக்கம். அவர்கள் மீது சுமத்தப்படும் 'கிரியையால் இரட்சிப்பு' என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட அழகான பதிலை நான் கேட்டதில்லை.

இருந்தும் அந்த 61 சென்ட்டில்தான் நான் இடறுகிறேன். என் கையில் அதுவும் இல்லாத நாட்கள் உண்டு. ஜாடி காலியாக நின்ற மாலைகளில் எனக்கு வேண்டியிருந்தது கோரா ஓவியத்தின் அந்த மணிக்கட்டுப் பிடி. எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் நம்மைக் குறைவாகக் காசு வைத்திருப்பவர்கள் என்று சொல்லவில்லை, மரித்தவர்கள் என்கிறார். மார்மன் போதனையில் உயிர்த்தெழுதல் எல்லாருக்கும் இலவசம். சூரிய ராஜ்யத்தின் உச்சியான மேன்மையடைதலோ ஞானஸ்நானம், ஆலய உடன்படிக்கைகள், நித்தியத் திருமணம், கடைசிவரை கீழ்ப்படிதல் என்று படிப்படியாக ஏறவேண்டியது. குடும்பம் என்றென்றைக்கும் ஒன்றாக இருக்கும் என்ற வாக்குறுதி அங்கேதான் பூரணமாகிறது. உயிர்த்தெழுந்தவர்கள் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்ற மத்தேயு 22இன் வார்த்தையை அவர்கள் வேறுவிதமாக வாசிக்கிறார்கள். அந்த வாக்குறுதியின் இனிமை எனக்குப் புரிகிறது. மனைவியை இழந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். ஆனால் அதே வாக்குறுதி, விசுவாசத்தை விட்டுப்போன ஒரு பிள்ளையின் தாய்க்கு எவ்வளவு பயத்தைத் தரும்! எல்லாருக்கும் ஏதோ ஒரு மகிமை உண்டு என்று கதவைத் திறந்தவர்கள், உள்ளே அறைகளுக்கு நடுவில் சுவர் வைத்துவிட்டார்கள். ஆல்வினுக்காக அழுத வீட்டில் பிறந்த போதனை அந்தச் சுவரைத் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழம். 1844 ஏப்ரலில், தாம் கொல்லப்படுவதற்கு இரண்டரை மாதம் முன்பு, இன்னொரு நண்பரின் மரணத்தையொட்டிச் செய்த பிரசங்கத்தில், தேவன் ஒருகாலத்தில் மனிதனாக இருந்தவர், மனிதரும் அவரைப்போல் தெய்வங்களாக முடியும் என்று ஜோசப் போதித்தார். கீழைச் சபைகளும் மனிதன் தெய்வீகத்தில் பங்குபெறுவதைப் போதிக்கின்றன. ஆனால் அங்கே படைத்தவர் படைத்தவரே, படைப்பு படைப்பே. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி நபர்கள், நோக்கத்தில் மட்டும் ஒருவர் என்ற மார்மன் போதனையால்தான், அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001இல் அறிவித்தது. வார்த்தைகள் ஒன்றேதான், பெயரால் குறிக்கப்படுபவர் வேறு. இந்த வித்தியாசத்தைச் சிரித்து மழுப்புவது இரு பக்கத்துக்கும் அவமரியாதை.

மழுப்பாமலே மரியாதையாகப் பேசவும் முடியும். 2004 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியின் டேபர்னக்கிள் மண்டபத்தில் நின்று, சுவிசேஷக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் உங்களைப் பற்றி உண்மையல்லாததைப் பரப்பிப் பாவம் செய்தோம் என்று மன்னிப்புக் கேட்டார் புல்லர் இறையியல் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் மோ. அதற்காக நம் தரப்பிலேயே பலர் அவரை ஏசினார்கள். ஏசியவர்களின் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

மார்மன்களும் ஒன்று கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நாஜிகளின் முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களையும் அவர்களில் சிலர் அந்தத் தொட்டிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்ட ஒருவருடைய பெயரை, செத்த பிறகு ஒரு கிறிஸ்தவ ஞானஸ்நானத்தில் சொல்வது அவருடைய பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? 1995இல் யூத அமைப்புகளோடு உடன்பாடு ஏற்பட்டது. பிறகும் மீறல்கள் நடந்தன. 2012இல் ஆன் பிராங்கின் பெயரே மறுபடி வெளிவந்து, சபைத் தலைமை கண்டிப்பான கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அன்பினால் செய்கிறோம் என்பது போதாது. கேட்டுச் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு; கேட்க ஆள் இல்லாவிட்டால் செய்யாமல் இருக்க வேண்டியவையும் உண்டு.

இன்றைய தேதிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1918இல் அந்தச் சபையின் தலைவராக இருந்தவர் ஹைரமின் மகன் ஜோசப் எப். ஸ்மித். அந்த ஜனவரியில் தம் மூத்த மகன்களில் ஒருவரைப் பறிகொடுத்தார். உலகப் போர் இன்னும் ஓயவில்லை; விஷக்காய்ச்சல் லட்சக்கணக்கானவர்களை வாரிக்கொண்டிருந்தது. அக்டோபர் 3 அன்று, இன்று நாம் வாசித்த பேதுருவின் பகுதியைத் தியானித்துக்கொண்டிருந்தபோது, இறந்தவர்களின் பெருங்கூட்டத்துக்கு நடுவே கிறிஸ்து வந்து நிற்பதைக் கண்டதாக அறிவித்தார். அடுத்த மாதம் 19ஆம் தேதி அவரும் இறந்தார். பெரியப்பா ஆல்வின் இறந்து சரியாக 95 ஆண்டுகள் கழித்து.

பேதுருவின் அந்த வசனங்களை அவர்கள் ஒருவிதமாக வாசிக்கிறார்கள், நாம் ஒருவிதமாக வாசிக்கிறோம். காவலில் இருந்த ஆவிகளிடம் ஆண்டவர் போய் என்ன பிரசங்கித்தார், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதைப் பேதுரு நமக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் அங்கே போனார். அது எனக்குப் போதும். எங்கள் ஆச்சிக்கு 'முந்தினவங்க' ஆகிய அந்த அம்மாவுக்காக நான் எந்தத் தொட்டியிலும் இறங்கப்போவதில்லை. அவர் நரகத்தில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கவும் போவதில்லை.

இதை வாசிக்கிறவர்களில் போதகர்கள், உபதேசியார்கள், சபை மூப்பர்கள் இருப்பீர்கள். இந்த மாதத்திலும் ஏதாவது ஒரு வீட்டில், சபையில் சேராத பிள்ளைக்கு, கோயிலுக்கே வராத தகப்பனுக்கு, அடக்க ஆராதனை நடத்தச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். தயவுசெய்து போங்கள். உயிர்த்தெழுதலைப் பிரசங்கியுங்கள், மனந்திரும்புதலை உயிரோடிருப்பவர்களுக்குப் பிரசங்கியுங்கள். பெட்டியில் இருப்பவர் எங்கே போனார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் அவருடைய அப்பா நிற்பார்.